இலையுதிர் காலத்தில் கிராமியப் பாணித் திருமணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலைகள் நிறம் மாறி உதிரும் நாட்களில், ஒரு பண்ணையிலோ பழத்தோட்டத்திலோ காட்டோரத்துப் புல்வெளியிலோ எளிமையாகத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலானோர் அலங்காரப் படங்களைச் சேர்ப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால், இந்தப் பருவத்தில் வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும் வழி செய்த பிறகே அலங்காரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதில்களின் வரிசையும் அதையொட்டியே அமைந்திருக்கிறது.

இலையுதிர் காலம் என்பது எந்த மாதங்கள்? தேதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரையும் இலையுதிர் காலம் என்று கொள்வது வழக்கம். தமிழ்ப் பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிர் இதற்கு அருகில் வருகிறது. ஆனால் கூதிர் மழையும் குளிர்காற்றும் சேர்ந்த காலம். இங்கே பேசுவது மரங்கள் குளிருக்கு முன் இலைகளைக் கழிக்கும் மிதவெப்ப நாடுகளின் பருவத்தை.

இந்த மூன்று மாதங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. முதல் மாதத்தில் வெயில் இருக்கும், தோட்டங்களில் பூக்கள் நிறைந்திருக்கும், மரங்கள் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். நடு மாதத்தில் இலைகள் நிறம் மாறும், ஆனால் இரவுகள் குளிர்ந்துவிடும். கடைசி மாதத்தில் கிளைகள் வெறுமையாகி, பகல் மிகவும் குறுகிவிடும். டாலியாக்களும் சூரியகாந்திகளும் வேண்டுமென்றால் முதல் மாதத்தையும், இலை நிறம்தான் முக்கியம் என்றால் நடு மாதத்தையும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீண்ட இரவு விருந்து வேண்டுமென்றால் கடைசி மாதத்தையும் தேர்ந்தெடுப்பது பொருத்தம். மூன்றையும் ஒரே நாளில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள்.

ஒரு நல்ல வழி சொல்கிறேன்: இடத்தின் உரிமையாளரிடம், முந்தைய ஆண்டுகளில் நீங்கள் நினைக்கும் அதே வாரத்தில் எடுத்த படங்கள் இருந்தால் காட்டும்படி கேளுங்கள். விளம்பரப் படங்கள் அந்த இடத்தின் மிகச் சிறந்த ஒரு நாளைத்தான் காட்டும்.

குறிப்பிட்ட தேதியில் இலைகள் சிவந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

முடியாது. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். பகல் குறையக் குறைய இலையில் உள்ள பச்சையம் சிதையத் தொடங்குகிறது. அதுவரை அதற்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளியே தெரிகின்றன. சிவப்பு வேறு கதை. சில மரங்களின் இலைகளில் தேங்கும் சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி அந்த நாட்களில் புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி விழாத குளிரும் தொடர்ந்து இருந்தால் சிவப்பு ஆழமாக வரும். கோடையில் கடும் வறட்சி இருந்தால் இலைகள் முன்னதாகவே காய்ந்து விழலாம், ஒரே இரவின் பலத்த காற்று எல்லாவற்றையும் கீழே கொட்டிவிடலாம்.

ஆகவே, மேப்பிள்கள் நிறைந்த இடத்தில் நிறம் முன்னதாகவும், ஓக்கும் பீச்சும் நிறைந்த இடத்தில் பின்னதாகவும் வரும் என்பது போன்ற பொது அறிவை வைத்துத் தேதியை முடிவு செய்யலாம். உயரமான இடங்களிலும் துருவத்துக்கு அருகில் உள்ள இடங்களிலும் மாற்றம் முதலில் தொடங்கும். ஆனால் திருமணத்தின் அழகு முழுவதையும் ஒரு மரத்தின் மீது ஏற்றி வைக்காதீர்கள். கலப்பு மரங்கள் உள்ள இடம் எப்போதும் பாதுகாப்பானது. ஒன்று உதிர்ந்திருந்தாலும் மற்றொன்று நிறத்தில் இருக்கும்.

சடங்கை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

இணையர்கள் பெரும்பாலும் கோடையில் இடத்தைப் பார்க்கப் போகிறார்கள். மாலை ஏழு மணிக்கும் பொன்னிற வெயில் புல்வெளியில் கிடப்பதைப் பார்த்து மனம் மயங்கி, நான்கரை மணிக்குச் சடங்கு என்று எழுதிவிடுகிறார்கள். திருமண நாளன்று அதே நேரத்தில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. சம இரவு நாள் வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 அன்று வருகிறது. அதையொட்டிய வாரங்களில் 40 பாகை அட்சரேகையில் பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடமும், 50 பாகையில் ஏறத்தாழ 4 நிமிடமும் குறைகிறது. செப்டம்பர் பிற்பகுதிக்கும் அக்டோபர் பிற்பகுதிக்கும் இடையே மட்டும் சூரிய மறைவு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை முந்திவிடும்.

இதற்கு மேல் கடிகார மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறன்றும், ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் முதல் ஞாயிறன்றும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்கிறது. அந்த ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் இடையே மாலை வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: உங்கள் தேதியில் சூரியன் மாலை 5.50க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளிப்படத்துக்கு உகந்த மென்மையான வெளிச்சம் மறைவுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கிடைக்கும். அதை மணமக்களின் படங்களுக்கு ஒதுக்கினால், 4.50க்குள் குடும்பப் படங்கள் முடிந்திருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம், சடங்குக்கு நாற்பது நிமிடம், வாழ்த்துக் கூறவும் தாமதங்களுக்குமாக இன்னும் அரை மணி நேரம் என்று கணக்கிட்டால், சடங்கு 3.10க்குத் தொடங்க வேண்டும். மேற்கே குன்றோ அடர்ந்த மரவரிசையோ இருந்தால் சூரியன் அட்டவணையில் உள்ள நேரத்துக்கு வெகு முன்பே கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆகவே அதே பருவத்தில் ஒருமுறை மாலையில் நேரில் போய்ப் பார்ப்பது அவசியம். முந்தைய ஆண்டிலேயே இடத்தைப் பதிவு செய்திருந்தால் அது எளிது.

"கிராமியப் பாணி" என்பதைச் சரியாக எப்படிப் புரிந்துகொள்வது?

பொருட்களை அவற்றின் இயல்பான தோற்றத்தில் விட்டுவிடுவதுதான் கிராமியப் பாணி. மெருகிடாத மரம், சணல் துணி, மண்பானை, வைக்கோல், கதிர், கம்பளி ஆகியவை அதன் அடிப்படைகள். பழமையான தோற்றத்துக்காகப் புதிதாகச் செய்யப்பட்ட பொருட்களை வண்டி வண்டியாக வாங்கி இறக்கினால் அந்த எளிமை போய்விடும். எந்த இடத்தில் திருமணம் நடக்கிறதோ, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஏணி, பழப்பெட்டி, மரத்தொட்டி, பழைய மேசை ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா என்று முதலில் கேளுங்கள். செலவும் குறையும், அலங்காரமும் இடத்தோடு ஒட்டியிருக்கும்.

பண்ணைக் கொட்டகையைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

திருமணங்களுக்கென்றே சீரமைக்கப்பட்ட கொட்டகையும், நேற்று வரை தானியம் சேமித்த கொட்டகையும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். வேறுபாடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில்தான். மக்கள் கூடும் நிகழ்ச்சிக்கு அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை பேர் வரை, எத்தனை வெளியேறும் வழிகள், தீயணைப்புக் கருவிகள் எங்கே என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். மாடிப்பரண் இருந்தால், அதில் ஆட்கள் ஏறலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது மின்சாரம். சமையல்காரர்களின் சூடாக்கும் கருவிகளும் இசைக்குழுவின் ஒலிபெருக்கிகளும் ஹீட்டர்களும் ஒரே இணைப்பில் ஓடினால், விருந்தின் நடுவில் இருட்டாகிவிடும். ஒவ்வொருவரிடமும் எத்தனை வாட் தேவை என்று கேட்டுக் கூட்டி, அந்தத் தொகையை உரிமையாளரிடம் காட்டுவது ஐந்து நிமிட வேலை. போதவில்லை என்றால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். அது கட்டடத்துக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து நன்றாகத் தள்ளியே நிற்க வேண்டும்.

கழிப்பறை எத்தனை, அவற்றுக்குப் போகும் பாதையில் விளக்கு உண்டா, மழை பெய்தால் வண்டிகள் நிற்கும் வயல் சேறாகுமா, இரவு எத்தனை மணிக்கு இசையை நிறுத்த வேண்டும் என்பனவும் உண்டு. இலையுதிர் காலம் அறுவடைக் காலமும்கூட என்பதால், உங்கள் வாரத்தில் பக்கத்து வயலில் இயந்திரங்கள் ஓடுமா என்று கேட்க மறக்காதீர்கள். பண்ணை வேலை வானிலையைப் பொறுத்தது, உங்களுக்காக அது நிற்காது, நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

உட்காருவதற்கு வைக்கோல் கட்டுகள் போதுமா? உலர்புல்லையும் பயன்படுத்தலாமா?

கேட்பது வைக்கோலாகவே இருக்கட்டும். வைக்கோல் என்பது தானியம் அடித்த பிறகு மிஞ்சும் வெறும் தண்டு. உலர்புல் என்பது விதையும் பூந்தாதும் இலையும் சேர்ந்த தீவனம். தூசும் ஒவ்வாமையும் பின்னதில்தான் அதிகம்.

சிறிய செவ்வகக் கட்டு ஒன்று ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ. நீளமும் 35 செ.மீ. உயரமும் 15 முதல் 20 கிலோ எடையும் கொண்டிருக்கும். இரண்டு பேர் அமரலாம். சடங்கு நடக்கும் அரை மணி நேரத்துக்கு இது இனிமையான இருக்கைதான். ஆனால் சாய்மானம் கிடையாது, உயரமும் குறைவு, எழுந்திருப்பது கடினம். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சாதாரண நாற்காலிகள் கட்டாயம் வேண்டும். விருந்து முழுவதும் கட்டுகளின் மேல் உட்கார வைப்பது விருந்தினருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கட்டுகளின் மேல் தடித்த போர்வையை விரித்தால்தான் பட்டும் வலைத்துணியும் இழைபிரியாமல் தப்பும். முந்தைய நாளே வெளியே வைப்பதாக இருந்தால் தார்ப்பாயால் மூடுங்கள், ஒருமுறை நனைந்த கட்டு அந்த வாரத்தில் காயாது. எரியும் மெழுகுவர்த்தியையும் புகைப்பவர்களையும் வைக்கோலின் பக்கத்தில் அனுமதிக்கவே கூடாது.

பரங்கிக்காய்களை எப்போது வாங்கி, எப்படி வைத்திருப்பது?

வெட்டாத, காம்பு முறியாத, நன்றாக முற்றிய காயை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கெடாமல் இருக்கும். ஆகவே முன்னதாகவே வாங்கலாம். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்கும். பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பிளீச் கலந்து துடைத்து உலர்த்தினால் பூஞ்சை தள்ளிப்போகும். உறைபனி விழும் இரவுகளில் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

குடைந்த காய் சில நாட்களே தாங்கும். அதைப் பூச்சாடியாக்க விரும்பினால் முந்தைய நாள் மட்டும் குடைந்து, உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை இறக்கி, அதில் தண்ணீரும் பூவும் வையுங்கள். தண்ணீர் சதையில் படக் கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை, பளீரென்ற ஆரஞ்சு நிறக் காய்கள் மேசையை நிறைத்தால், பரங்கிக்காயில் முகம் வெட்டி விளக்கு வைக்கும் ஹாலோவீன் பண்டிகையின் நினைவுதான் வரும். வெளிர் வெள்ளை, சாம்பல் கலந்த பச்சை, மங்கிய இளஞ்சிவப்பு நிறக் காய்களை அதிகமாகவும் ஆரஞ்சை ஓரிரண்டாகவும் சேர்ப்பது எனக்குப் பிடித்த விகிதம். முகங்களை வரைந்து வெட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்தப் பருவத்தில் என்னென்ன பூக்கள் கிடைக்கும்? எப்போது பறிப்பது?

டாலியா, சாமந்தி, சூரியகாந்தி, ஆஸ்டர், ஜினியா, கோழிக்கொண்டை, செண்டுமல்லி, ஹைட்ரேஞ்சியா ஆகியவை இந்தப் பருவத்தின் செல்வங்கள். இவற்றில் டாலியாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தின் ஆழமான நிறங்கள் அனைத்தும் அதில் கிடைக்கின்றன. ஒரே செடியில் தட்டளவு பூக்களும் பொத்தானளவு மொட்டுகளும் இருக்கும். ஆனால் பறித்த பிறகு மொட்டு விரியாது, ஏறக்குறைய முழுதாக மலர்ந்த பூவையே அதிகாலைக் குளிரில் பறிக்க வேண்டும். நீரில் நான்கைந்து நாட்கள்தான் இருக்கும் என்பதால், திருமணத்துக்கு முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோதான் பறிக்கலாம். முதல் உறைபனி விழுந்த காலையில் செடி கருகிவிடும். டாலியாவை நம்பியிருப்பவர்கள், உறைபனி முந்திவிட்டால் எந்தப் பூவுக்கு மாறுவது என்று பூ அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

அந்த மாற்றுப்பூ பெரும்பாலும் சாமந்தியாகவே இருக்கும். இரவு நீளும்போது மொட்டுவிடுவது அதன் இயல்பு, இலேசான குளிரையும் தாங்கும், பறித்த பின் இரண்டு வாரங்கள் வரையிலும் வாடாமல் நிற்கும். ஹைட்ரேஞ்சியாவின் இதழ்கள் செடியிலேயே காகிதம்போல உலர்ந்த பிறகு பறித்துக் குறைவான தண்ணீரில் நிறுத்திவைத்தால், தண்ணீர் வற்ற வற்றப் பூ அப்படியே உலர்ந்து மாதக்கணக்கில் இருக்கும்.

பலருக்கும் தெரியாத ஒரு சேதி உண்டு. ஆப்பிளும் பேரிக்காயும் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை வெளியிடுகின்றன. அது பூக்களை விரைவில் முதுமையடையச் செய்யும். கார்னேஷன், டெல்பினியம் போன்ற பூக்கள் அதனால் மிகவும் பாதிக்கப்படும். மேசையில் சில மணி நேரம் பழமும் பூவும் சேர்ந்திருப்பதில் குறையில்லை. ஆனால் முந்தைய இரவு மூடிய குளிர் அறையில் பழக்கூடைகளையும் பூ வாளிகளையும் ஒன்றாக வைத்துப் பூட்டாதீர்கள்.

நிறம் மாறிய இலைகளைப் பதப்படுத்தி வைக்க முடியுமா?

முடியும், இரண்டு முறைகள் உண்டு. உதிர்ந்த இலைகளுக்குத் தட்டையாக அழுத்தும் முறையே பொருத்தம். புதிதாக விழுந்த, ஈரமில்லாத இலைகளைக் காகிதங்களுக்கு இடையே வைத்துக் கனமான புத்தகங்களின் கீழ் ஒன்றிரண்டு வாரம் வைக்க வேண்டும். பிறகு உருக்கிய தேன்மெழுகில் ஒரு கணம் தோய்த்து எடுத்தால் நிறமும் வளைவும் சில வாரங்கள் நிற்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். அதைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். விருந்தினரின் இருக்கைப் பெயர்களை எழுத இந்த இலைகள் மிக அழகாக இருக்கும்.

முழுக் கிளைகள் வேண்டுமென்றால் கிளிசரின் முறை. ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து, அடிப்பகுதியைப் பிளந்த பீச் அல்லது ஓக் கிளைகளை அதில் இரண்டு மூன்று வாரம் நிறுத்துவார்கள். கிளை அந்தக் கரைசலை உறிஞ்ச வேண்டுமென்றால் இலை இன்னும் பச்சையாக, உயிர்ப்போடு இருக்க வேண்டும். ஆகவே இதைக் கோடையின் கடைசியிலேயே செய்ய வேண்டும். இலைகள் ஒலிவப் பச்சையிலிருந்து செம்பழுப்பு வரையிலான நிறங்களுக்கு மாறி, தோல்போல மென்மையாகிவிடும்.

காட்டிலிருந்து கிளைகளையும் காய்களையும் சேகரிக்கலாமா?

நிலத்தின் உரிமையாளர் அனுமதித்தால் மட்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் பூங்காக்களிலும் எடுக்கக் கூடாது. பைன் காய்களிலும் ஓக் கொட்டைகளிலும் பூச்சிப் புழுக்கள் இருக்கும் என்பதால், ஏறத்தாழ 90 டிகிரி வெப்பமுள்ள ஓவன் அடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுங்கள். இளஞ்சூட்டில் பைன் காய்கள் தாமாகவே விரியும்.

வெளிர் நிறத் தோகைகளைக் கொண்ட உயரமான பாம்பாஸ் புல் இன்று அலங்காரங்களில் பரவலாக வருகிறது. பல நாடுகளில் அது ஆக்கிரமிப்புத் தாவரம், நியூசிலாந்தில் அதை விற்பதும் பெருக்குவதும் தடை செய்யப்பட்டுள்ளன. கிழக்காசியாவிலிருந்து வந்து அமெரிக்கக் காடுகளை மூடிவரும் ஆரஞ்சுக் காய்க்கொடியான பிட்டர்ஸ்வீட்டும் அப்படித்தான். அதைக் கொண்டு செய்த வளையத்தை வெளியே தொங்கவிட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அவற்றுக்குப் பதிலாகக் கோதுமை, பார்லி, ஓட்ஸ் கதிர்களைப் பயன்படுத்துவதே நல்லது. யூ மரத்தின் விதையும் ஐவிக் காய்களும் நச்சுத்தன்மை கொண்டவை. கேக்கிலும் உணவுத் தட்டிலும் குழந்தைகளின் மேசையிலும் எந்தக் காட்டுக்காயையும் வைக்காதீர்கள்.

விளக்குகளுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் என்ன திட்டம்?

உத்தரங்களின் குறுக்கே இளமஞ்சள் நிற எல்இடி சீரியல் விளக்குகளைக் கட்டினால் கொட்டகை உயிர்பெற்றுவிடும். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2700 என்று குறித்த விளக்குகளைக் கேளுங்கள். வெளிப்புறத்துக்கு மழை தாங்கும் வகையே வேண்டும். எரியும் மெழுகுவர்த்தியை இடத்தின் விதிகள் அனுமதித்தால், சுடரின் நுனி கண்ணாடிக் கூண்டின் விளிம்புக்குக் கீழேயே இருக்குமாறு உயரமான கூண்டுகளில் வையுங்கள். உலர்ந்த கதிரும் இலையும் பக்கத்தில் இருக்கும் மேசைகளில் பேட்டரி மெழுகுவர்த்தியே போதும். உலர்பூ அலங்காரம் ஒரு பொறியில் எரிந்துவிடும் என்பதால் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிறிய தட்டு மெழுகுவர்த்திகள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எரியும். இரவு நீண்டது என்பதால் மாற்றுத் தொகுதி ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

அலங்கார விளக்கு வேறு, நடப்பதற்கான விளக்கு வேறு. வண்டி நிறுத்துமிடம், படிகள், கழிப்பறைப் பாதை ஆகிய மூன்றுக்கும் தாழ்வான, கண்ணைக் கூசாத விளக்குகள் தனியாக வேண்டும்.

குளிருக்கும் மழைக்கும் எப்படித் தயாராவது?

பகலில் 18 டிகிரி இருந்த இடம் இரவு எட்டு மணிக்கு 7 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பகல் விருந்துக்குப் போதுமான ஏற்பாடு இரவுக்குப் போதாது. மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு ஹீட்டர்களை வைக்காதீர்கள். அவை வெளியிடக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. இயந்திரம் வெளியே நின்று, குழாய் வழியாகச் சூடான காற்றை மட்டும் உள்ளே அனுப்பும் வகையே கூடாரங்களுக்கு ஏற்றது. சடங்கு நடக்கும் இடத்தின் நுழைவாயிலில் ஒரு கூடை நிறையக் கம்பளிப் போர்வைகளை வைத்தால், அலங்காரத்துக்குச் செலவிட்ட எதையும்விட அதற்கே நன்றி சொல்வார்கள்.

மழைக்கான மாற்று இடத்தை மனமில்லாமல் எழுதிவைக்கும் இரண்டாம் தரத் திட்டமாக வைக்காமல், அங்கே நடந்தாலும் மகிழ்ச்சியாக இருக்கும் என்று சொல்லும் அளவுக்குத் தயார் செய்யுங்கள். உள்ளே நடத்துவதா வெளியே நடத்துவதா என்ற முடிவை யார், எந்த நேரத்தில் எடுப்பார் என்பதையும் முன்பே குறித்துவிட வேண்டும். அந்த நபர் மணமக்களில் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது. அட்லாண்டிக் புயல் பருவம் நவம்பர் 30 வரை நீடிக்கிறது, செப்டம்பர் 10ஐ ஒட்டி உச்சம் அடைகிறது. அந்தக் கரையோரங்களில் தேதி குறிப்பவர்கள், ஒத்திவைப்பு விதிகளைப் படித்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

பூச்சிகளின் தொல்லை இருக்குமா?

இலையுதிர் காலத் தொடக்கத்தில் குளவிகள் இனிப்பைத் தேடி அலையும். கூட்டில் புழுக்கள் குறைந்துவிடுவதால், அவை சுரக்கும் இனிப்பு நீர் வேலைக்காரக் குளவிகளுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே வெளிப்புற மேசையில் வெட்டிய பழங்களையும் திறந்த இனிப்புப் பானங்களையும் வைக்க வேண்டாம். முழுப் பழங்களுக்கும் அடிபடாதவையாகப் பார்த்து எடுங்கள். தானியக் கதிர்களையும் காய்களையும் கொட்டகையில் ஓர் இரவு விட்டுவைத்தால் எலிகள் தேடி வரும். அவற்றைக் காலையில் வைப்பதே நல்லது.

எந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பது?

சுற்றியுள்ள மரங்களே ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கும்போது, அதே நிறத்தில் துணிகளை விரித்தால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். துணிகளுக்கு வெண்ணெய் நிறம், ஒலிவப் பச்சை, சாம்பல் கலந்த நீலம் போன்ற அமைதியான நிறங்களை வைத்து, பூக்களிலும் நாடாக்களிலும் மட்டும் துருச்சிவப்பு, கடுகு மஞ்சள், திராட்சை நிறம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். மாதிரித் துணியை இரவில், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே விளக்கின் கீழ் பாருங்கள். மஞ்சள் ஒளியில் தூய வெள்ளை மங்கலாகவும், ஆழ்ந்த ஊதா ஏறக்குறையக் கறுப்பாகவும் தெரியும்.

விருந்தினருக்கு எவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்?

தரை புல்லா சரளையா என்பதை அழைப்போடு எழுதுங்கள். ஈர மண்ணில் கூர்க்குதிகால் செருப்பு புதையும், உதிர்ந்த ஈர இலைகள் வழுக்கும். சடங்கு வெளியே என்றால் எத்தனை மணி நேரம் என்று சொல்லி, மேலாடை கொண்டுவரச் சொல்லுங்கள். வட அரைக்கோளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மான்களின் இணைசேரும் காலம் என்பதால், அந்தி நேரத்தில் அவை கிராமச் சாலைகளைக் கடக்கும். மெதுவாக வண்டி ஓட்டும்படி ஒரு வரி சேர்ப்பது மிகையல்ல. முடிந்தால் அருகிலுள்ள ஊரிலிருந்து ஒரு பேருந்து ஏற்பாடு செய்யுங்கள்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

இந்தப் பருவத்தின் சனிக்கிழமைகளுக்குப் போட்டி அதிகம் என்பதால், இடத்தையும் ஒளிப்படக்காரரையும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு முன்பே உறுதி செய்வது நல்லது. கோடையின் கடைசியில் கிளிசரின் கிளைகள், ஒரு மாதம் முன்பு பரங்கிக்காய்கள், இரண்டு வாரம் முன்பு அழுத்திய இலைகள், முந்தைய நாள் விளக்குகளும் மேசைகளும், அன்று காலையில் பூவும் பழமும் கதிரும் என்று வைத்துக்கொள்ளலாம். திருமண நாள் காலையில் மணமக்கள் எதையும் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நம்பிக்கையான இரண்டு நண்பர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அலங்காரப் பொருட்களை என்ன செய்வது?

நகல் பொருட்களைவிட இயற்கைப் பொருட்களை நான் வற்புறுத்துவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கேள்விதான். வைக்கோலைப் பண்ணைக்காரரே படுக்கையாகவோ மண்மூடாக்காகவோ பயன்படுத்திக்கொள்வார். முன்பே கேட்டு வையுங்கள். வண்ணம் பூசாத, மெழுகு சிந்தாத பரங்கிக்காய்கள் சமையலுக்கோ கால்நடைக்கோ உரக்குழிக்கோ போகும். வண்ணமும் மினுக்குத்தூளும் பூசியவை குப்பைக்குத்தான் போகும். பூக்களைக் கம்பியும் நாடாவும் நீக்கி, போகும்போது விருந்தினர் கையில் கொடுக்கலாம். பூச்செண்டில் சேர்த்த கோதுமைக் கதிர்களை மட்டும் தனியே பிரித்து, தலைகீழாகக் கட்டி நிழலில் உலர்த்தி வையுங்கள். ஈரம் படாத இடத்தில் அவை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும்.